கிள்ளும் கை, பிடுங்கும் கை

அன்புள்ள அக்கா,

நான் மதுரையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறோம். கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், பள்ளிக்கூடத்தில் பவளப்பாறை பற்றிப் படம் போட்டுக் காட்டுவோம். போன முறை கரையில் சில பெண்கள் பாசி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பாசியை எடுத்தால் பாறை செத்துவிடும், மீன்குஞ்சுகளுக்கு இடமில்லாமல் போகும், அதனால் இதை நிறுத்த வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். ஒரு வயதான அம்மா, "தம்பி, நீங்க எத்தன நாள் இங்க இருப்பீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மக்களிடம் விழிப்புணர்வை எளிய மொழியில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கடல் பற்றி என்ன புத்தகங்கள் படிக்கலாம்? மரம் நடுவதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

அன்புடன்,
ர., மதுரை

அன்புள்ள தம்பி,

அழுகை வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து, மூன்று மணி நேரம் வேனில் போய், யாரோ போட்ட குப்பையைக் குனிந்து பொறுக்குகிற பிள்ளைகள் நீங்கள். நல்ல மனசு. அந்த மனசு தப்பான இடத்தில் போய் முட்டிக்கொண்டதே என்றுதான் எனக்கு வருத்தம், கோபமும்கூட.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மரம் வேண்டாம். ஆமை முட்டையிட வருகிற மணலில் சவுக்கு நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். புத்தகம் பிறகு பார்க்கலாம். பிளாஸ்டிக் பொறுக்குவது நல்லதுதான், தொடருங்கள்.

இனி பாசி. போன வாரம் முழுக்க என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் நோன்பு மாதத்தில் தினமும் ஒரு கிண்ணம் கடல்பாசி கொடுத்துவிடுவார்கள். பாலில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப்போட்டு, ஆறவைத்து வில்லை வில்லையாக வெட்டியது. வாயில் வைத்தால் குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பாலை உறையவைக்கிற அகர் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நீங்கள் நிறுத்தச் சொன்னீர்களே, அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதுதான் அகர். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதே அகர்தான் இருக்கிறது. கட்டக்கோரை என்று இன்னொரு பாசி உண்டு. அதிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருள் துணிக்குச் சாயம் அச்சடிக்கப் போகிறது, ஐஸ்கிரீமுக்கும் போகிறது. நம் உடம்பிலும் உடுப்பிலும் அந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

2009ல் பாம்பன் பக்கம் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அறுபதை நெருங்கிய ஓர் அக்கா என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அவர் கிளம்புவதற்கு முன் செய்த ஏற்பாட்டை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி நூலால் இறுக்கினார். காலுக்கு ரப்பரை அளவாக வெட்டித் தைத்த செருப்பு. சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண்கள் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்பில் ஒரு வலைப்பை. இடுப்பளவு நீரில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து மூழ்குவார், ஒரு பிடி பாசியோடு எழுவார், பைக்குள் போடுவார், மறுபடி மூழ்குவார். இப்படி ஐந்து மணி நேரம். நான் அரை மணி நேரத்தில் வள்ளத்துக்குத் திரும்பிவிட்டேன். உள்ளங்காலில் பாறை கிழித்திருந்தது.

அன்று நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு அவர் என் தலையில் செல்லமாகத் தட்டினார். என் கையில் இருந்த பாசியின் அடியில் பாறைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "இப்புடி வேரோட பிடுங்குனா திரும்ப முளைக்குமா? மேலால கிள்ளணும். அடி பாறையில இருக்கணும். அடிய எடுத்துட்டா வர்ற வருஷம் நான் எங்க போவேன்?" என்றார். மரிக்கொழுந்துப் பாசி பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் அடிப்பகுதியிலிருந்துதான் மறுபடி துளிர்க்கிறது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் உண்டு. அந்த அக்காவுக்கு அது விரல் நுனியில் இருந்தது.

அங்கே பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்ன என்று நீங்கள் கேட்டீர்களா? மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். மற்ற நாட்களில் பாறைக்கு ஓய்வு. இரும்புச் சுரண்டி எடுத்துப்போகக் கூடாது, கைதான். ஏப்ரல் நடுவில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும்போது இவர்களும் பாசி எடுப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். தடைச் சட்டம் விசைப்படகுக்குத்தான். அது இடுப்பளவு நீரில் நிற்கிற பெண்களைப் பற்றிப் பேசவில்லை. இவர்களாகவே தங்கள் வருமானத்தை வெட்டிக்கொண்டார்கள். மாதத்தில் 18 நாள் உங்கள் சம்பளத்தை நீங்களாக விட்டுக்கொடுப்பீர்களா தம்பி? நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த 12 நாள் கணக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் காட்டிய படத்தில் இருந்ததா?

விழிப்புணர்வு என்ற சொல்லை நான் வெறுக்க ஆரம்பித்து வெகுநாளாகிறது. தூங்குகிறவர்களை எழுப்பப் போகிறோம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். காக்கப்பட வேண்டிய கடல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாசிக்குப் போகும் பாறைகள் பெரும்பாலும் அந்தத் தீவுகளை ஒட்டித்தான் இருக்கின்றன. காகிதத்தில் கோடு போட்ட நாளிலிருந்து, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த பெண்கள் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆகிவிட்டார்கள். கெடுபிடி முற்றிய வருடங்களில் வனத்துறையினர் வள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் பாசியைப் பறித்துக்கொள்வதும் நடந்தன.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதில் எனக்கே ஓர் அனுபவம் இருக்கிறது. எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு தோப்பு. வேலியோரம் பெரிய கொடுக்காப்புளி மரம் ஒன்று நின்றது. பழைய சொந்தக்காரர் இருந்தவரை, பிள்ளைகள் யாரும் போகலாம். தொரட்டியை மாட்டி, பழுத்ததாகப் பார்த்து, ஒவ்வொன்றாக இழுப்போம். செங்காயை விட்டுவிடுவோம், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாமே. தோப்பு கைமாறியது. புது ஆள் காவல் போட்டார். அப்புறமும் நாங்கள் போகாமல் இல்லை. காவல்காரர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து ஓடுவோம். தொரட்டி மாட்ட ஏது நேரம்? கிளையை அப்படியே முறித்து இழுத்துக்கொண்டு ஓடிவருவோம். பழம், காய், பூ எல்லாம் போச்சு. இரண்டு வருடத்தில் அந்த மரம் மொட்டையாகிவிட்டது. அதே பிள்ளைகள், அதே மரம். பயம் வந்ததும் எங்கள் கை மாறிவிட்டது.

பாறையிலும் அதுதான் நடக்கும். நாளைக்கும் இங்கே வருவேன், யாரும் என்னைத் துரத்த மாட்டார்கள் என்று நம்புகிறவள் மேலாகக் கிள்ளுவாள். வனத்துறைப் படகுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவள் வேரோடு பிடுங்குவாள், சுரண்டி வைத்திருந்தால் சுரண்டுவாள். 12 நாள் கணக்கு யாருக்கு அர்த்தமுள்ளது? பதின்மூன்றாம் நாள் தான் விட்டுவைத்த பாசி அடுத்த அமாவாசைக்கும் தனக்கே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவளுக்கு. அந்த உறுதியைப் பறித்துவிட்டு அவளிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றி வகுப்பெடுத்தால் அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? பாசி எடுக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள், கட்டுப்பாட்டை அவர்களே காப்பார்கள். இதை நான் பத்து மேடையில் சொல்லியிருக்கிறேன், இன்னும் நூறு மேடையில் சொல்வேன்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் இடம் தங்களுடையது என்ற உறுதிதான் அந்த முறையைத் தாங்குகிறது.

கடற்கரைக்காரர்கள் எல்லாரும் தப்பே செய்யாதவர்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். இதே வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்கும் கார்பைடு ஆலைக்கும் போனது. 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். வெட்டியதும் உள்ளூர்க் கைகள்தான். எனக்கு இது வலிக்கிற உண்மை. ஆனால் அந்தக் கைகள் கூலிக்கு வெட்டின. பாறை தீர்ந்தால் தீரட்டும், இன்றைய கூலி கைக்கு வந்தால் போதும் என்ற வேலை அது. 2001ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அது தேவையாக இருந்தது, நான் அதை ஆதரிக்கிறேன். வெட்டுகிற கைக்கும் கிள்ளுகிற கைக்கும் ஒரே சட்டத்தால் விலங்கு மாட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாறையைக் கெடுத்தது பாசிக்காரிகள்தான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவைப் பற்றிக் கேளுங்கள். காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை 2000ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சி நிறுவனம் மண்டபம் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்க வைத்தது. ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பேர் விழுந்தது. அது மிதவையோடு நிற்கவில்லை. குருசடையில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மிதவையாலும் பல பெண்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் திட்டத்தைத் தீட்டியவர்கள் எல்லாம் நன்றாகப் படித்தவர்கள் தம்பி.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015ல் சீகாலஜி விருது, அதாவது தீவுகளின் சூழலைக் காக்கிற ஓர் அமெரிக்க அமைப்பின் விருது, கிடைத்தது. பாசிக்காரப் பெண்களைத் திரட்டி, இந்தக் கட்டுப்பாடுகளோடு தங்கள் உரிமைக்கும் நின்றவர் என்று அமெரிக்காவுக்கு அழைத்துக் கொடுத்தார்கள். நீங்கள் மாதாமாதம் போகிற இடத்திலிருந்து சின்னப்பாலம் எவ்வளவு தூரம் இருக்கும்? உங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரியுமா? கடுமையாகக் கேட்கிறேன், மன்னியுங்கள். என் பிள்ளையாக இருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

எத்தனை நாள் இருப்பீங்க என்று அந்த அம்மா கேட்டது உங்களை அவமானப்படுத்த இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் கணக்கெடுக்க, படம் எடுக்க, பயிற்சி கொடுக்க என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். நானும் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள்தான். வள்ளத்தில் என் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்ட அந்த அக்காவை மறுபடி போய்ப் பார்க்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரவு அதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

ஒன்று செய்யுங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போங்கள். தடைக்காலம், பாசிக்குப் போக மாட்டார்கள், அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். கையில் காசு குறைவாக இருக்கும் நேரமும் அதுதான், அதனால் அவர்கள் தருகிற சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள், நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள். படம் காட்டும் கருவியை மதுரையிலேயே வைத்துவிடுங்கள். அந்த அம்மா இருக்கிற வீட்டைக் கேட்டுப் போய், விரலில் துணியை எப்படிச் சுற்றுவது என்று கற்றுக்கொண்டு வாருங்கள். நானும் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா