கிறிஸ்தவர்களுக்குப் பிள்ளைகள் எதற்காக?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு சகோதரி. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. "பலுகிப் பெருகுங்கள் என்பது கர்த்தருடைய கட்டளை, இன்னும் என்ன யோசனை?" என்று சபையில் பெரியவர்கள் சொல்கிறார்களாம். பிள்ளை பெறுவது கிறிஸ்தவர்களுக்குக் கட்டளையா, பிள்ளைகளின் நோக்கம்தான் என்ன என்று கேட்கிறார்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ சபை, ஓய்வுநாள் பள்ளியில் பல வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன், ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் அம்மா. வேதத்தை வாசித்ததிலும் பிள்ளைகளோடு பழகியதிலும் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். நம்முடைய எந்தத் தேவையையும் நிரப்புவதற்காகப் பிள்ளை பிறப்பதில்லை. அது கர்த்தருக்குச் சொந்தமான ஓர் ஆள். வளர்க்கும் பொறுப்பைக் கொஞ்ச காலம் நம்மிடம் கொடுத்திருக்கிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

முதலில் அந்த வசனம். ஆதியாகமம் 1:28ஐ முழுசாக வாசித்துப் பாருங்கள். "நீங்கள் பலுகிப் பெருகி, பூமியை நிரப்பி" என்று தொடங்கும் வசனம், "என்று சொல்லி, தேவன் அவர்களை ஆசீர்வதித்தார்" என்று முடிகிறது. ஆறு வசனத்துக்கு முன்னால் மீன்களையும் பறவைகளையும் ஆசீர்வதித்தபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆசீர்வாதத்தை ஒவ்வொரு தம்பதியும் தேர்ச்சி பெற வேண்டிய பரீட்சையாக்கியது நாம்தான். பிள்ளை இல்லாததால் கட்டளையை மீறினார்கள் என்று வேதம் யாரையும் குற்றம்சாட்டவில்லை. சாராள், ராகேல், அன்னாள், எலிசபெத் எல்லோரும் பிள்ளையில்லாமல் காத்திருந்தவர்கள்தான். எலிசபெத்தையும் சகரியாவையும் பற்றி லூக்கா எழுதும்போது, அவர்கள் குற்றமற்றவர்களாய் நடந்து தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, பிள்ளை இல்லை என்பதை அடுத்த வசனத்தில்தான் சொல்கிறார். "ஏதோ சாபம் இருக்கும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள்.

இளம் விதவைகள் மணம் செய்து பிள்ளைகளைப் பெறட்டும் என்று 1 தீமோத்தேயு 5ல் பவுல் எழுதியிருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். வீடு வீடாய்ப் போய் வம்பு பேசித் திரிந்த சிலரால் அந்தச் சபையில் வந்த சிக்கலுக்குச் சொன்ன ஆலோசனை அது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது கல்யாணத்தைப் பற்றி ஒரு முழு அதிகாரம் எழுதுகிறார், பிள்ளை பெற்றே ஆக வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் குடும்பம் கிடையாது. இயேசுவுக்கும் கிடையாது. ஏசாயா 56ல், "இதோ, நான் பட்டமரம்" என்று அண்ணகன், அதாவது பிள்ளைக்கு வழியில்லாத ஆண், சொல்லக்கூடாது என்கிறார் கர்த்தர். குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தைவிட மேலான இடத்தைத் தம்முடைய ஆலயத்தில் அவனுக்குக் கொடுப்பேன் என்கிறார். நம் ஊரில் பிள்ளையில்லாத பெண்ணைக் குத்த இன்றைக்கும் எடுக்கிற அதே சொல், பட்ட மரம். அதை வாயில் வைக்கக்கூடாது என்று கர்த்தரே சொல்லியிருக்கும்போது ஆலய வாசலில் நின்று "ஏதும் விசேஷம் உண்டா?" என்று மாதா மாதம் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் வருடத்துப் பொது ஜெபப் புத்தகத்தில், கல்யாணத்தின் நோக்கங்களில் முதலாவதாகப் பிள்ளைப்பேறுதான் வருகிறது. எங்கள் பக்கத்து சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய ஆராதனை முறை அதிலிருந்து வந்தது. ஆனால் அதே முறைமையில் பிள்ளைப் பாக்கியத்துக்கான ஜெபத்துக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது: மணமகள் பிள்ளை பெறும் வயதைக் கடந்தவளானால் இந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டும். அந்த ஒரு ஜெபத்தை மட்டும்தான். ஆசீர்வாதம், உடன்படிக்கை, மோதிரம் எதுவும் குறையாது. பிள்ளைக்கு வழியே இல்லாத இருவரையும் சபை முழுத் தம்பதியாகத்தான் சேர்த்து வைத்திருக்கிறது.

சரி, பிள்ளைகள் எதற்காக?

நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் உங்களுக்கும் தெரிந்ததுதான். வயசான காலத்தில் கஞ்சி ஊற்ற. வம்சம் விளங்க. மாமியார் வாயை அடைக்க. ஆடிக்கொண்டிருக்கும் தாம்பத்தியத்தை நிற்க வைக்க. எல்லாவற்றிலும் பிள்ளை ஏதோ ஒரு வேலைக்கு வந்த ஆளாகவே இருக்கிறது. அந்த வேலைக்கு ஆகாது என்று தோன்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. கி.மு. 1ஆம் வருடம், அலெக்சாந்திரியாவில் வேலை பார்த்த ஹிலாரியோன் என்பவர் ஊரிலிருந்த கர்ப்பிணி மனைவிக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் எகிப்தில் கிடைத்திருக்கிறது. பாசமாகத்தான் எழுதுகிறார், கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்கிறார். அப்புறம் சொல்கிறார்: பிறப்பது ஆண் என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே போட்டுவிடு. அந்தக் காலத்துக்கு அது சாதாரணம். குப்பைமேட்டில் போடப்பட்ட குழந்தைகளைச் சிலர் எடுத்து அடிமைகளாக வளர்த்தார்கள். ஆதி கிறிஸ்தவர்கள் இதைச் செய்ய மறுத்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போல மணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பெற்றதை எறிந்துவிடுவதில்லை என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்து ஒன்று சொல்கிறது.

பழைய கதை என்று விட முடியவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் தமிழ்நாட்டு அரசே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. "இந்தப் பிள்ளையால் நமக்கு என்ன பயன்?" என்ற கேள்வியை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோனால் அங்கேதான் போய் நிற்கும்.

இயேசுவிடம் குழந்தைகளைக் கொண்டுவந்தபோது சீஷர்கள் அதட்டினார்கள். அவரோ கோபப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றார். அணைத்துக்கொண்டார், கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அந்தப் பிள்ளைகள் பின்னால் என்ன ஆனார்கள், யாராவது அப்போஸ்தலர் ஆனார்களா, அப்பா அம்மாவைக் காப்பாற்றினார்களா என்று ஒரு தகவலும் இல்லை. தேவனுடைய ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து, பிள்ளைகள் எதற்காக என்பதற்கு வேதத்தில் இதைவிட நேரான பதில் கிடையாது. அவர்கள் அவருக்காக. அவரிடம் போகிற வழியில் நாம் தடையாக நிற்கக்கூடாது.

இதைச் சொல்லும்போது "எங்கள் பிள்ளையைக் கர்த்தருக்கென்றே கொடுத்துவிட்டோம்" என்று சிலர் ஒரு படி மேலே போவார்கள். என் வகுப்பில் இருந்த ஒரு பையன், பிறப்பதற்கு முன்பே ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணப்பட்டவன், அதாவது நேர்ந்துவிடப்பட்டவன். அவனுக்கு இயந்திரங்கள் மேல் அவ்வளவு ஆசை. பழைய மிக்ஸி கிடைத்தால் கழற்றிப் பூட்டிவிடுவான். "அம்மா கேட்டுக்கிட்டதுக்கு நான் போகணுமா, டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டான். அன்னாளை உதாரணம் காட்டித்தான் அவனை வளர்த்திருந்தார்கள். அதனால் அன்னாளின் கதையையே அவனோடு சேர்ந்து மறுபடி வாசித்தேன். அன்னாள் தன் பொருத்தனைப்படி மகன் சாமுவேலை ஆலயத்தில் விட்டது உண்மை. ஆனால் 1 சாமுவேல் 3ல் கர்த்தர் வந்து "சாமுவேலே, சாமுவேலே" என்று பையனையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அம்மாவின் பொருத்தனை இருக்கிறதே என்று அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். பிள்ளையைக் கர்த்தரிடம் கொடுப்பது என்றால், அவர் அவனை எதற்குக் கூப்பிட்டாலும் சரி என்று கையை எடுப்பது. போதகராகக் கூப்பிடலாம், மெக்கானிக்காகவும் கூப்பிடலாம். இதில் இன்னொன்றும் கவனியுங்கள். கொடுத்த பிறகும் அன்னாள் வருடாவருடம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். உரிமையைத்தான் விட்டாள், பாசத்தை விடவில்லை.

அதே சாமுவேலின் பிள்ளைகள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகள் விசுவாசத்தை விட்டுப் போய்விட்ட பெற்றோர் சிலரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். "நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழியை அவர்களுடைய தலையில் கல்லாகப் போட்டிருக்கிறோம். "வளர்ப்பு சரியில்லை" என்று முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறோம். ஏசாயா முதல் அதிகாரத்தில் கர்த்தரே சொல்கிறார்: "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன்; அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்." பரம தகப்பனின் வளர்ப்பில் என்ன குறை இருந்தது? நீதிமொழி வழி காட்டுகிறது, உத்தரவாதச் சீட்டு கொடுக்கவில்லை. நம் பங்கு உபாகமம் 6 சொல்வதுதான்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பேசு. விளைச்சல் நம் கையில் இல்லை.

வயசான காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் அடியில் பெரும்பாலும் அந்தப் பயம்தான் இருக்கிறது. "பெற்றாருக்குப் பிள்ளைகளல்ல, பிள்ளைகளுக்குப் பெற்றார்களே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டும்" என்று 2 கொரிந்தியர் 12ல் பவுல் எழுதுகிறார். சபைக்கும் தனக்கும் உள்ள உறவுக்காகச் சொன்னாலும், எல்லோரும் ஒத்துக்கொண்ட நியாயமாகத்தான் அதை எடுக்கிறார். மகனைப் படிக்க வைத்த செலவை வரதட்சணையாக வசூலிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த வசனத்தை எங்கே வைத்திருக்கின்றன என்று எனக்கு விளங்கவே இல்லை. மறுபக்கம், பெற்றோருக்கு நன்றிக்கடன் செய்யப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5 கண்டிப்பாகச் சொல்கிறது. செய்ய வேண்டியது பிள்ளையின் கடமை. அதை எதிர்பார்த்துப் பெறுவது நம் வேலை இல்லை. சிலுவையில் தொங்கியபோதும் இயேசு தம் தாயைப் பார்த்தார், தம் அன்பான சீஷனிடம் ஒப்படைத்தார். அந்த நேரமுதல் அவன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். மரியாளை வைத்துப் பார்த்தது அவள் பெறாத ஒரு மகன். வயசானவர்களைத் தாங்குவது சபையின் வேலையும்கூட. பிள்ளையில்லாத முதியவர்களை நம் சபைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால், பிள்ளை பெறச் சொல்லி இளசுகளை நெருக்குவதில் பாதி குறைந்துவிடும்.

பெறாமலே தாயாவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. அயர்லாந்தில் 1867ல் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895ல் இந்தியா வந்தார். 1901ல், கோயிலில் விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதன்பின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரிடம் வளர்ந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த ஊருக்குத் திரும்பவும் இல்லை. 1951ல் இறந்தபோது கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் பிள்ளைகள் எழுதினார்கள். என் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. என் மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். பரீட்சை முடிவு வந்தால் மகள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

குழந்தையைத் தள்ளிப்போடுவது பாவமா என்பதில் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1930ல் லாம்பெத் மாநாட்டில் கருத்தடைக்கு வரம்போடு இடம் கொடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1968லும் செயற்கை முறைகள் கூடாது என்றே உறுதியாகச் சொன்னது. உங்கள் சபையின் போதனையைத் தெரிந்துகொண்டு, நீங்களும் கணவரும் சேர்ந்து ஜெபித்து முடிவெடுங்கள். ஐந்தாறு பேர் கூடிப் பேச வேண்டிய விஷயமில்லை.

பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தால் கர்த்தரிடம் தாராளமாகக் கேளுங்கள். அன்னாள் வெட்கப்படவில்லை. மருத்துவரையும் பாருங்கள், இருவருமே சோதனை செய்துகொள்ளுங்கள். பெண்ணை மட்டும் ஊர் ஊராக ஜெபத்துக்கு அழைத்துப்போவது அநியாயம். தத்தெடுக்க யோசித்தால், "கிறிஸ்தவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை, காப்பாளராக மட்டும்தான் இருக்க முடியும்" என்று யாராவது சொல்லக்கூடும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1956ஆம் வருடத்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும் உரியது. இப்போது சிறார் நீதிச் சட்டம் 2015ன் கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம், அந்தப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் உரிமை எல்லாம் உண்டு. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவணங்கள் பற்றி உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். காத்திருக்கும் காலம் நீளமானது, அதனால் யோசனை இருந்தால் சீக்கிரமே பதிந்து வைத்துவிடுங்கள்.