பாரிஸில் கதவைத் தட்டியது யார்?

கேள்வி: பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். 'நாஜிகள் பாரிஸ் யூதர்களைப் பிடித்துச் சென்றார்கள்' என்று சொன்னேன். ஒரு மாணவி, 'பிடித்தது பிரெஞ்சு போலீஸ்தானே சார்?' என்றாள். இன்னொருவன், 'ஜெர்மன்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான், பாவம், அவர்கள் வேறென்ன செய்வார்கள்?' என்றான். இருவருக்கும் என்ன பதில் சொல்லட்டும்?

பதில்: மாணவி சொன்னதுதான் சரி. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் பிடிபட்டவர்கள் சுமார் 13,000 பேர். அதில் 4,000க்கும் மேல் குழந்தைகள். திட்டம் ஜெர்மானியருடையது; வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள் பாரிஸ் காவலர்கள்.

பாடத்தை அவர்கள் கையிலிருந்த உத்தரவிலிருந்து தொடங்குங்கள். நகரக் காவல்துறை இயக்குநர் என்னகேன் அனுப்பியது அது. பிடிபடுபவர் இரண்டு போர்வையும் இரண்டு நாள் உணவும் எடுத்துக்கொள்ள வேண்டும். காவலர் வீட்டின் கேஸ், மின்சார, தண்ணீர் மீட்டரை மூட வேண்டும். நாய், பூனை இருந்தால் வாயிற்காவலாளியிடம் விட வேண்டும். உடல்நிலை பற்றிப் பேச்சே கூடாது. மீட்டரை மூட மறக்காதே என்று ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார்! மாணவர்கள் அந்த வரியில் நின்றுவிடுவார்கள், பாருங்கள்.

சரி, முகவரிகள் எங்கிருந்து வந்தன? 1940 அக்டோபரில் ஜெர்மன் ஆணைப்படி யூதர்கள் காவல் நிலையத்துக்குத் தாங்களே வந்து பதிந்தார்கள். காவல்துறை அதிகாரி துலார் அதைப் பெயர், தெரு, தொழில், நாடு வாரியாக அட்டைகளாக அடுக்கினார். கைது நாளுக்காக 27,000க்கும் மேற்பட்ட அட்டைகள் வெளியே எடுக்கப்பட்டன. பாதிப் பேருக்கு மேல் சிக்கவில்லை. சில காவலர்களே முன்கூட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பையனின் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள், நல்ல கேள்வி. அவனிடம் 1942 ஆகஸ்டைப் பற்றிச் சொல்லுங்கள். தெற்குப் பிரான்சில் அப்போது ஜெர்மன் படையே இல்லை. அங்கேயும் விஷி அரசின் (ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின்) போலீஸ் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு யூதர்களைப் பிடித்து வடக்கே ஜெர்மானியரிடம் அனுப்பியது. காவல்துறைத் தலைமைச் செயலர் பூஸ்கே ஜெர்மானியரோடு பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்வந்தவர் பிரதமர் லவால். ஜெர்மானியர் அதுவரை கேட்டிருக்கவில்லை. அப்புறம் நான்ஸி நகரம். அதே ஜூலையில் அங்கே வினியரோன் என்ற அதிகாரியும் அவருடைய சகாக்களும் எச்சரித்ததில் 300க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். அவர்களும் அதே சீருடைக்காரர்கள்தான்.

நேரமிருந்தால் ஒரு புகைப்படம் காட்டுங்கள். யூதர்களை அடைத்து வைத்த முகாமைக் கண்காணிக்கும் பிரெஞ்சு ஜாண்டார்ம், அதாவது ராணுவப் பாணிக் காவலர். தலையில் கெபி என்ற பிரெஞ்சுச் சீருடைத் தொப்பி. 1956இல் ஒரு ஆவணப்படத்தில் அது வந்தபோது, தணிக்கையாளர்கள் சொல்லி அந்தத் தொப்பியை மறைத்தார்கள். பிரெஞ்சு அரசின் பங்கை ஒரு ஜனாதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான், அவர் சிராக். மறைத்த படத்தையும் மறைக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை அழித்திருக்கிறார்கள் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.