மாதிரி ரயில் லேஅவுட் அமைக்க ஆசை. வீட்டில் இடம் குறைவு. எதை முதலில் வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது?

எதையும் முதலில் வாங்காதீர்கள். நான் வாங்கிவிட்டுத்தான் கெட்டேன்.

இந்தப் பைத்தியம் பிடிக்கிற எல்லோரும் ஹாம்பர்க் நகரத்தில் உள்ள மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற பிரம்மாண்ட மாதிரி ரயில் கண்காட்சியின் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரு ரயில் செட்டை வாங்கி, தரையில் வட்டமாகப் பாதை போட்டு, இரண்டு வாரம் சுற்றவிட்டு, பிறகு பரணில் ஏற்றிவிடுவார்கள். வட்டத்தில் ஓடும் ரயிலுக்குப் போகிற ஊர் என்று எதுவும் இல்லை. அதனால்தான் சலித்துப்போகிறது. முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் நேரில் நின்று பார்த்த, கண்ணை மூடினாலும் தெரிகிற இடமாக இருக்கட்டும். எந்த ரயில், எந்த அளவு, எவ்வளவு பெரிய பலகை என்பதையெல்லாம் அந்த இடமே சொல்லிவிடும்.

என் இடம் பதிமூன்று கண் பாலம். செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூர் போகும் பாதையில், கழுதுருட்டி அருகே சாலையிலிருந்தே தெரியும் கல் வளைவுப் பாலம். 1904இல் திறந்த பாதை அது. மீட்டர் கேஜ் ரயில் 2010இல் நின்றது, 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பாலம் அங்கேயே நிற்கிறது, ரயில் மட்டும் பெருத்துவிட்டது. எனக்கு வேண்டியது பழைய மெலிந்த ரயில்.

இங்கேதான் முதல் தவறு. உலகம் முழுக்க அதிகம் விற்பது எச்ஓ (HO) அளவு, அதாவது 1:87, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினேன். அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை அது. நம் அகலப்பாதை 1676 மி.மீ., மீட்டர் கேஜ் 1000 மி.மீ. ஆக, எச்ஓ தண்டவாளம் நம்முடைய இரண்டு பாதைகளுக்குமே பொருந்தாது. அது போதாதென்று, சுமார் 102 மீட்டர் நீளப் பாலம் இந்த அளவில் 1.17 மீட்டர் வரும். என்னிடம் இருந்ததோ நாலடிப் பலகை, 1.22 மீட்டர். பாலம் ஒன்றே பலகையை விழுங்கிவிடும். லேஅவுட் கட்டுபவர்கள் நீளத்தைச் சுருக்குவது வழக்கம்தானே என்று ஒன்பது கண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

தாய்மாமா வந்து பார்த்தார். அந்தப் பாதையில் பல வருடம் பயணம் செய்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மருமகனே, பாக்கி நாலு கண் எங்கே?" என்றார்.

நடைமேடையைச் சுருக்கலாம், ஊரைச் சுருக்கலாம், மலையைக்கூட வெட்டலாம். பெயரிலேயே எண்ணிக்கை இருக்கும் பாலத்தில் கை வைக்கக் கூடாது. உங்கள் இடத்திலும் இப்படி விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கும். அது எது என்பதைக் காகிதத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

அதன் பிறகுதான் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். ‘N’ அளவு என்ற சிறிய வகையில் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. அதையே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1:110 வருகிறது. பாலம் 93 செ.மீ. ஆயிற்று, பதிமூன்று கண்ணும் உள்ளே. இரு பக்கமும் அரையடிக்குச் சற்றுக் குறைவாக இடம் மிஞ்சியது, மரங்களுக்கு அது போதும். அந்தப் பாதையின் மீட்டர் கேஜ் ரயிலை இழுத்த ஒய்டிஎம்4 டீசல் இன்ஜின் எந்தக் கடையிலும் இந்த அளவில் கிடைக்காது. அமெரிக்க ‘N’ அளவு ஆறு அச்சு டீசல் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே பிளாஸ்டிக் தகட்டில் உடலைக் கட்டினேன். ஒய்டிஎம்4 அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்புதான், ஆகவே இதை உறவு முறையில் சேர்த்துக்கொள்ளலாம். காலம் 2008 என்று வைத்துக்கொண்டதால் நீலப் பெட்டிகள். இருபது வருடம் பின்னால் போயிருந்தால் செங்காவி அடித்திருப்பேன்.

ரயில் எங்கே திரும்பும் என்று கேட்பீர்கள். திரும்பாது. ‘N’ அளவிலேயே 25 செ.மீ. ஆரத்தில் வளைத்துத் திருப்ப ஏறத்தாழ இரண்டடி அகலம் வேண்டும், என் பலகையின் அகலம் ஓர் அடி. இரு முனையிலும் மரங்களுக்குப் பின்னால் தனியாகக் கழற்றக்கூடிய பலகைகள் உள்ளன. ரயில் ஒன்றிலிருந்து கிளம்பி, பாலத்தைக் கடந்து, மற்றொன்றில் மறைகிறது. இங்கிலாந்துக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு இது. பார்ப்பவர் கண்ணுக்கு ரயில் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது.

பாலத்தைக் கட்டியது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சன்போர்டில், அதாவது தாள் ஒட்டிய நுரை அட்டையில். மேல் தாளை நனைத்து உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு கல்லாகக் கோடு அழுத்தினேன். ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தைத்தான் இப்போதும் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன்.

மலைக்குத் தெர்மாகோல். அதன்மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்தது என் இரண்டாவது பெரிய முட்டாள்தனம். பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண்ணெதிரே மேற்குத் தொடர்ச்சி மலை உள்வாங்கியது. தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டும் மர வேலைக்கான வெள்ளைப் பசையும் மட்டும் போதும்.

கல்லுக்கு நேராகச் சாம்பல் நிறம் அடித்தால் புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் மாதிரி இருக்கும். முதலில் பழுப்பு கலந்த வெளிர் சாம்பல். காய்ந்ததும், கருப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டை ரசம்போல நீர்க்கவிட்டு மேலே ஓடவிடுங்கள், அது கல் இடுக்குகளில் போய்த் தங்கும். அதுவும் காய்ந்த பிறகு, தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, மிச்சம் இருப்பதைக் கல்லின் மேடுகளில் மட்டும் உரசுங்கள். கடைசியாக, மழை வழிந்த கறைகள், தூண்களின் அடியில் பாசி. தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துருப் பழுப்பு அடிக்கத் தவறாதீர்கள். ஆனால் மேல்பரப்பை உடனே துடைத்துவிட வேண்டும், மின்சாரம் அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. தூசிக்கும் அதே பரப்புதான் பிடிக்கும் என்பதால் ஓட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு.

மரங்களின் அடிமரமாகக் காய்ந்த துளசிக் கிளைகள். எங்கும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. மண்ணுக்குத் தோட்டத்து மண்ணையே சலித்து, வாணலியில் வறுத்துப் பயன்படுத்தினேன். வறுக்காவிட்டால் பூச்சி வரும். உதிர்ந்த சருகுக்குக் காபித்தூள் டிகாக்‌ஷன் போட்ட சக்கை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சரியாகக் காயவில்லை, குற்றாலச் சாரல் மாதத்தில் பூஞ்சை பூத்தது.

இடம் சின்னது என்று கவலைப்படாதீர்கள். கலிபோர்னியாவின் ஜான் ஆலன் கட்டிய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ (Gorre & Daphetid) என்ற லேஅவுட் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய பெயர். புதுப்பளபளப்பைக் கெடுத்து அழுக்கும் துருவும் ஏற்றுவதன் அழகைப் பலருக்குக் காட்டியவர் அவர். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே அது தீயில் போனது. வீட்டின் அடித்தளம் முழுவதையும் நிறைத்த அந்த லேஅவுட்டும் ஒரு கட்டிலைவிடச் சற்றே பெரிய பலகையில் தொடங்கியதுதான். பின்னர் பெரிதாக்கியபோது அந்தப் பழைய பலகையை அப்படியே உள்ளே பொருத்திக்கொண்டார்.

மாமா போன மாதம் மறுபடி வந்தார். விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதிமூன்று சரியாக இருந்தது. "மலையேறப் பின்னால் தள்ளுகிற இன்ஜின் எங்கே?" என்றார். இன்னோர் அடிப்பாகம் தேடிக்கொண்டிருக்கிறேன்.