பணவீக்கம் குறைந்தால் சீர்திருத்தம் வென்றதாகுமா?

வணக்கம். 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை அண்மித்த பணவீக்கம் ஓராண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதை வைத்து, இலங்கையின் பொருளாதாரச் சீர்திருத்தம் வெற்றி பெற்றதென ஒப்படையில் முடிக்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். முடிக்க வேண்டாம். பணவீக்கம் இறங்கும்போது விலை ஏறும் வேகந்தான் தணிகிறதே தவிர, ஏறிய விலை இறங்குவதில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்ட மண்ணெண்ணெய், பின்னர் குறைக்கப்பட்டும் பழைய விலைக்குத் திரும்பவில்லை என்பதைக் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் படகுக்கு எண்ணெய் ஊற்றுபவரிடம் கேட்டாலே தெரியும். ஆகவே 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த திட்டத்தின் வருமான, கடன் இலக்குகளோடு நில்லாமல், வறுமையையும், விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் உண்மைக் கூலியையும், அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு உரியவரைச் சென்றடைந்ததா என்பதையும் தனி அத்தியாயமாக ஆராயுங்கள். 2024 ஜனவரியில் 18 சதவீதமான வற் (பெறுமதி சேர்) வரி, அரசின் கணக்கில் முன்னேற்றமாகவும் குடும்பத்தின் கணக்கில் (என்னுடையதிலுந்தான்) சுமையாகவும் பதிவாகும், இரண்டையும் எழுதுங்கள்.