கனெக்டிங் ராடு மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ எரிபொருளில் ஓடும் பக்கி மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். என்ஜின் 3.5 சிசி. ஓடும்போது உள்ளே ‘டக் டக்’ என்று தட்டுகிறது. விற்றவரோ, “கனெக்டிங் ராடு மட்டும் போட்டால் புதிதுபோல ஓடும்” என்கிறார். நம்பி ராடு வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். கனெக்டிங் ராடு என்பது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு, அதாவது என்ஜினின் சுழலும் தண்டோடு, இணைக்கும் துண்டு. என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றாமல், கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள ஃபிளைவீல் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சியைத் தொடும் இடத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த வகை என்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான, குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகிவருவதால்தான் கம்ப்ரெஷனே கிடைக்கிறது. பிடிப்பே இல்லாமல் சுழன்றால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. ராடு வாங்கும் பணம் வீண்தான்.

பிடிப்பு இருந்தால் பின்மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீல் அசையாமல் பிடித்துக்கொண்டு ராடை ஆட்டிப் பாருங்கள். ராடின் கீழ்முனை மாட்டியிருக்கும் முளையான கிராங்க் பின்னின் நீளவாக்கில் அது சற்று நகர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். மேலும் கீழும் ஆடினால்தான் கோளாறு: கீழ்முனையிலுள்ள வெண்கல புஷ் (உள்வளையம்) வட்டம் மாறி நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். ராடைக் கழற்றியதும் கிராங்க் பின்மீது நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கிராங்க் ஷாஃப்டும் போய்விட்டது. கீறல் விழுந்த பின்னில் புது ராடு போட்டால், அதையும் சீக்கிரமே தின்றுவிடும். நானே ஒருமுறை இதைப் பார்க்காமல் போட்டு, அடுத்தடுத்து இரண்டு ராடுகளை இழந்தேன்.

வாங்கும்போது ‘எல்லா 3.5 சிசிக்கும் பொருந்தும்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் ராடின் நீளமும் பின்னின் விட்டமும் மாடலுக்கு மாடல் வேறுபடும். உங்கள் என்ஜினின் மாடல் பெயரைச் சொல்லி, அதற்குரிய பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ராடைப் பிஸ்டனோடு இணைக்கும் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் லாக்குகளையும் கூடவே புதிதாகக் கேளுங்கள். கழற்றிய பழைய லாக் ஓட்டத்தில் தெறித்தால் ஸ்லீவைக் கிழித்துவிடும்.

கேள்வி: சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. பந்தயத்தில் ஓட்டுபவர்கள் எரிபொருளைக் கணக்கு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஏழெட்டு லிட்டருக்கு ஒருமுறை ராடை மாற்றிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால், பிஸ்டன் நொடிக்கு 500 முறை மேலே போய் நின்று திரும்புகிறது. அந்த இழுப்பை முழுவதும் தாங்குவது விரல் நீளம்கூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு. அது ஒடிந்தால் பிஸ்டன், ஸ்லீவ், என்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸ் எல்லாமே போகும். எண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருவதால், கலவையை வறட்சியாக (எரிபொருள் குறைவாக) வைத்து ஓட்டுவது ராடைப் பட்டினி போடுவதற்குச் சமம். இறுக்கமான புது என்ஜினைச் சூடாக்காமல் கிளப்புவதும் அதே அளவு கெடுதல். ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கிவிட்டுக் கிளப்புங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஸ்லீவைத் திருப்புளியால் நெம்பாதீர்கள், அதுதான் முக்கியம். ஹெட்டைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியே பிஸ்டன் தலைக்கு மேலே ஒரு கேபிள் டையை நுழைத்து ஃபிளைவீலைச் சுற்றினால், பிஸ்டனே ஸ்லீவை மேலே தள்ளிக்கொடுக்கும். அதற்கும் அசையாவிட்டால் கிராங்க் கேஸைச் சூடாக்குங்கள். பழைய ராடின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது, எண்ணெய்த் துளை எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். பிஸ்டனும் இருந்த திசையிலேயே திரும்ப ஏற வேண்டும். மாட்டியபின் முதல் இரண்டு மூன்று டேங்க் கலவையைச் செழிப்பாக (எரிபொருள் கூடுதலாக) வைத்து, விரட்டாமல் ஓட்டுங்கள்.