வேனுக்குள்ள கரிச்சட்டி வைக்கலாமா?

கேள்வி: அண்ணே, பழைய வேனுக்கு கட்டில் எல்லாம் பூட்டி வச்சிருக்கோம், தை மாசம் நுவரெலியாவுல அதுல படுத்தா குளிர் தாங்கல, கரிச்சட்டி வச்சு கதவ மூடிக்கலாமா? – வாசகர், நானுஓயா

பதில்: வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். தணல்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, தூக்கத்துலயே ஆள கொண்டுபோயிரும். 1,868 மீட்டர் உயரத்துல, தை மாசி விடியக்காலைல புல்லு மேல உறைபனி படியிற ஊரு, குளிரத்தான் செய்யும், ஆனா வேனுக்கு அடியாலயும் காத்து ஓடுறதால தரைத் தகரமும் சில்லிடுது, அங்க தடிப்பா ஸ்பான்ஞ் விரிச்சு மேல கம்பளி போடுங்க. ஜன்னல ரெண்டு விரல் அளவு திறந்தே வைங்க, இல்லாட்டி மூச்சுக்காத்து கண்ணாடில தண்ணியா வழிஞ்சு போர்வைய நனைச்சிரும். சுடுதண்ணி போத்தல துணில சுத்தி கால்மாட்டுல வச்சுப் படுங்க.