வாசகர் கேள்வி – பதில்: ஹார்ட் கோப்பை யாருக்கு?

கேள்வி: வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆண்டின் சிறந்த ஐஸ் ஹாக்கி வீரருக்கு ஹார்ட் கோப்பை தருகிறார்கள். அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்குச் சில ஆண்டுகளில் அது கிடைக்காமல் போவது ஏன்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கென்றே ஆர்ட் ராஸ் கோப்பை தனியாக இருக்கிறது. கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு உதவினால் ஒரு புள்ளி என்று கூட்டிப் பார்த்தால் அதற்குரியவர் யாரென்று தெரிந்துவிடும், வாக்கெடுப்புக்கே வேலையில்லை. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் பயிற்சியாளராக விளங்கிய செசில் ஹார்ட்டின் தந்தையான டாக்டர் டேவிட் ஹார்ட் வழங்கி, 1924இல் ஒட்டாவா அணியின் ஃபிராங்க் நைபர் முதன்முதலில் பெற்ற ஹார்ட் கோப்பையோ, தன் அணிக்கு மிகவும் இன்றியமையாதவராக விளங்கியவர் யார் என்று பார்த்துத் தரப்படுவது. ஹாக்கி பத்திரிகையாளர்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லீக் சுற்று முடிந்ததும் வாக்குப்பதிவு நடந்துவிடுவதால், அதன்பின் வரும் ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டங்கள் கணக்கில் வருவதில்லை.

இந்த அளவுகோலால் எழுந்த சர்ச்சைகளில் 1989ஆம் ஆண்டுக்குரியது புகழ்பெற்றது. பிட்ஸ்பர்க்கின் மாரியோ லெமியூ அந்தப் பருவத்தில் 85 கோல்கள் அடித்து, 114 கோல்களுக்கு உதவி, 199 புள்ளிகள் எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸின் வெய்ன் கிரெட்ஸ்கி எடுத்தவை 168. ஆனாலும் முந்தைய பருவத்தில் அணிகளுக்கான பட்டியலில் 68 புள்ளிகளே பெற்றிருந்த கிங்ஸ், எட்மன்டனிலிருந்து கிரெட்ஸ்கி வந்து சேர்ந்ததும் 91 புள்ளிகளுக்கு உயர்ந்ததால், கோப்பை அவருக்கே போயிற்று. அது அவருடைய ஒன்பதாவது ஹார்ட் கோப்பை. இன்றுவரை வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. பிட்ஸ்பர்க்கும் அதே ஆண்டில்தான், 1982க்குப் பிறகு முதன்முறையாக, ஸ்டான்லி கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெற்றது என்பதை நினைத்தால், லெமியூவுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. சக வீரர்களே வாக்களித்துத் தரும் பியர்சன் விருதும் (இப்போது டெட் லிண்ட்சே விருது) அந்த ஆண்டு டெட்ராய்ட்டின் ஸ்டீவ் ஐசர்மேனுக்குப் போனதுதான் வேடிக்கை.

கேள்வி: கோல்கீப்பர்கள் இந்தக் கோப்பையை வென்றதுண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உண்டு, ஆனால் அரிதாகவே. அவர்களுக்கென்று வெசினா கோப்பை தனியே இருப்பதால் வாக்காளர்கள் பலர் ஹார்ட் கோப்பைக்கு மற்ற ஆட்டக்காரர்களையே நினைக்கிறார்கள். 1954இல் பட்டியலின் கடைசியில் கிடந்த சிகாகோ அணியின் அல் ராலின்ஸுக்குக் கிடைத்தது, கோப்பையின் நோக்கத்துக்கு மிக நேர்மையான தேர்வு எனலாம். 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற டொமினிக் ஹாஷெக்கைத் தவிர வேறெந்த கோல்கீப்பரும் இருமுறை வென்றதில்லை. 2002இல் மான்ட்ரியலின் ஜோஸ் தியோடரும் கால்கரியின் ஜரோம் இகின்லாவும் வாக்குப் புள்ளிகளில் சமநிலையில் நிற்க, முதலிட வாக்குகளை அதிகம் பெற்றிருந்த தியோடருக்குக் கோப்பை போனது. லீக்கிலேயே அதிகக் கோல்களும் அதிகப் புள்ளிகளும் இகின்லாவுடையவைதாம். வீரர்கள் தந்த பியர்சன் விருதும் அவருக்குத்தான். அண்மையில், 2025இல், வின்னிபெக்கின் கானர் ஹெல்பக் ஹார்ட், வெசினா இரண்டையும் சேர்த்தே பெற்றார்.